கூலியாளுக்கு இட்ட பொய்ப்பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் கல்வி, ஒழுக்கம், மொழி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். இம்முறை சீமெந்தும் கம்பியும் கூலிக் கணக்கும் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். விழாவுக்கு ஒவ்வாத பொருள் என்று சிலர் எண்ணலாம். நாம் இதை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. அதை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்துக்குக் கூரை போட்டபோது மூன்று கேள்விப்பத்திரங்கள் வந்தன. மூன்றையும் விரித்து வைத்து ஆகக் குறைந்த தொகை எதுவென்று பார்த்தோம். அதைக் கொடுத்தவருக்கே வேலையை ஒப்படைத்தோம். பொதுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட்டோம் என்று பெருமையுங் கொண்டோம். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கொந்தராத்துக்காரரிடம் போனோம். "அவர் என்னுடைய ஆள் அல்லர், துண்டுக்கு எடுத்துச் செய்பவர், தன் வேலையைத் தானே பார்க்கிறவர்" என்றார் அவர். நாம் நமக்குள் பணம் சேர்த்துத் தொழிலாளியின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தருமம் செய்த நிறைவோடு திரும்பினோம்.

அன்று நம்முள் எவருக்கும் ஒரு கேள்வி தோன்றவில்லை. காலையில் வரச்சொன்னவர், மாலையிற் போகச்சொன்னவர், எந்த மரத்தை எங்கே பொருத்துவதென்று காட்டியவர் அந்தக் கொந்தராத்துக்காரர் அன்றோ? அப்படியிருக்க விழுந்தவர் எவ்வாறு தன் வேலையைத் தானே பார்க்கிறவர் ஆவார்?

அக்கேள்வி பின்னர்தான் எழுந்தது. எழுந்தபின் நம்மை விடவில்லை. பிற தேசத்தார் இதனை எவ்வாறு தீர்த்தனர் என்று தேடியபோது, ஐக்கிய அமெரிக்காவில் இதே வினா சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் பல்லாண்டுகளாக அலசப்பட்டு வருவதைக் கண்டோம். அங்கே அரசாங்கப் பணத்தில் எழும் கட்டடங்களிலேயே இந்தப் பொய் நடக்கிறது என்பதையும் கண்டோம். அதையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்கச் சட்டம் உழைப்பவரை இரு வகையாகப் பார்க்கிறது. ஒருவர் ஊழியர்; மற்றவர் தனி ஒப்பந்தகாரர். ஊழியராயின் முதலாளி அவர் சம்பளத்திலிருந்து வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும். இவ்வழக்கம் 1943 இல் வந்தது. முதுமைக் கால ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமாக நூற்றுக்கு 7.65 பங்கைத் தொழிலாளியிடமிருந்து பிடித்து, தானும் 7.65 பங்கு போடவேண்டும். வேலையில்லாதோர் நிதிக்குத் தனியே வரி உண்டு. விபத்து நேர்ந்தால் நட்டஈடு கொடுக்கும் காப்புறுதிக்கும் பெரும்பாலும் பணங் கட்டவேண்டும். வாரத்தில் 40 மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும். இது 1938 ஆம் ஆண்டுச் சட்டம். தனி ஒப்பந்தகாரராயின் இவற்றுள் ஒன்றுமில்லை. பேசிய தொகையைக் கொடுத்து, வருட முடிவில் இவ்வளவு கொடுத்தேன் என்று ஒரு கடதாசி அனுப்பினாற் போதும். வரி முழுவதும் பெற்றவர் பொறுப்பு. முதலாளியின் பங்கும் சேர்த்து ஏறத்தாழ 15.3 பங்கு அவர் தலையில் விழும்.

இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தச்சருக்கு வாரம் 1,000 டொலர் கூலி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதிய, மருத்துவ நிதிகளுக்கு மட்டும் இருபுறத்தும் 76.50 டொலராக 153 டொலர் சேரவேண்டும். 50 வாரத்தில் அது 7,650 டொலர். 100 பேர் வேலை செய்யும் தளமாயின் 765,000 டொலர். இதில் வருமான வரி சேரவில்லை, வேலையில்லாதோர் நிதி சேரவில்லை, காப்புறுதி சேரவில்லை. காப்புறுதித் தொகையோ கூரை வேலை போன்ற ஆபத்தான தொழில்களில் மிகப் பெரிது. ஒரு பெயரை மாற்றி எழுதுவதால் இத்தனையும் மிஞ்சும் என்றால், எழுதக் கை துறுதுறுக்காதோ?

இனி, யார் ஊழியர், யார் ஒப்பந்தகாரர் என்பதை எவ்வாறு தீர்மானிப்பது? இதற்கு 1947 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு மனத்திற் பதியத்தக்கது. கன்சாஸ் மாநிலத்தில் நிலக்கரி விற்ற ஒருவரிடம் இரு சாரார் வேலை செய்தனர். ஒரு சாரார் புகையிரதப் பெட்டியிலிருந்து கரியை இறக்கினர். தங்கள் மண்வெட்டியைத் தாங்களே கொண்டுவந்தனர். இறக்கிய தொன் கணக்கிற் கூலி பெற்றனர். மற்றச் சாரார் சொந்த லொறி வைத்து வீடுகளுக்குக் கரி ஏற்றிச் சென்றனர். லொறிக்காரர் தனி ஒப்பந்தகாரர் என்றது நீதிமன்றம். கரி இறக்கியவர்களோ ஊழியரே என்றது. சொந்த மண்வெட்டி வைத்திருந்ததாலோ, துண்டுக் கணக்கிற் கூலி பெற்றதாலோ ஒருவர் வியாபாரி ஆகிவிடமாட்டார். முதல் போட்டவர் யார், இலாப நட்டத்துக்கு உரியவர் யார், ஆணையிடுபவர் யார் என்பதையே பார்க்கவேண்டும். நம் மண்டபத்துக் கூரையில் நின்றவரிடம் ஒரு சுத்தியலும் ஒரு வாளும் இருந்தன. அவ்வளவுதான் அவருடைய முதல்.

நிற்க. தனியார் வீட்டில் நடப்பது ஒருபுறமிருக்க, அரசாங்கக் கட்டட வேலைக்கு அங்கே தனிச் சட்டம் உண்டு. 1927 இல் அலபாமா மாநிலத்து ஒப்பந்தகாரர் ஒருவர், நியூயோர்க் பக்கத்து லோங் ஐலண்டில் போர்வீரர் மருத்துவமனை கட்டும் வேலையைப் பெற்று, குறைந்த கூலிக்குத் தம் ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். அத்தொகுதிப் பிரதிநிதி பேக்கன் என்பவர் இதைக் கண்டு சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். செனற்றர் டேவிஸ் அவருடன் சேர, 1931 மார்ச்சில் சனாதிபதி ஹூவர் கையொப்பமிட்டார். டேவிஸ்-பேக்கன் சட்டம் என்பது அதுவே. அழைத்துவரப்பட்டவர்கள் கறுப்பினத்தவர், சட்டசபை விவாதத்தில் அவர்கள்மேல் காழ்ப்பான பேச்சும் எழுந்தது. அக்களங்கத்தை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் சட்டத்தின் உட்கருத்து நல்லது: அரசாங்கமே கூலியைக் கீழே இழுக்கும் கருவியாகக் கூடாது, 2,000 டொலருக்கு மேற்பட்ட அரசாங்கக் கட்டட ஒப்பந்தத்தில், அப்பகுதியில் வழங்கும் கூலியை வாரந்தோறும் கொடுக்கவேண்டும் என்பதே அது.

1934 இல் வேறொரு சட்டமும் சேர்ந்தது. மேசைக்கு மேலே முழுக் கூலி கொடுத்து, மேசைக்குக் கீழே ஒரு பங்கைத் திருப்பி வாங்கிய முதலாளிகள் இருந்தனர். அதை அச்சட்டம் குற்றமாக்கிற்று. வாரந்தோறும் இன்னார் இத்தனை மணி வேலை செய்தார், இத்தனை கூலி பெற்றார் என்று எழுதி, உண்மை என உறுதிகூறிக் கையொப்பமிட்ட பட்டியலை ஒப்பந்தகாரர் கொடுக்கவேண்டும் என்ற முறை இதனின்று வளர்ந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எத்தகைய ஒப்பந்த உறவு இருப்பதாக எவர் சொன்னாலுஞ் சரி, தளத்தில் நின்று கையால் வேலை செய்தவருக்கு அக்கூலி உரியது என்று டேவிஸ்-பேக்கன் சட்டமே விதித்திருக்கிறது. சட்டம் ஆக்கியோர் இந்தப் பொய்ப்பெயரை முன்கூட்டியே எதிர்பார்த்தனர் போலும். அவ்வாறிருந்தும் பொய் நுழைந்துவிட்டது. எவ்வாறு நுழைந்தது?

பெரிய ஒப்பந்தகாரர் வேலையைத் துண்டாக்கிச் சிறிய ஒப்பந்தகாரருக்குக் கொடுப்பார். அவர் ஆள் சேர்க்கும் தரகரிடம் விடுவார். தரகர் ஒரு கம்பனியைப் பதிவு செய்வார். அதற்குக் காரியாலயமும் இல்லை, தளபாடமும் இல்லை. ஒரு பெயரும் ஒரு வங்கிக் கணக்குமே உண்டு. சிலரை வைத்திருப்பதாகச் சொல்லி மிகச் சிறிய தொகைக்கு விபத்துக் காப்புறுதி எடுப்பார். அதற்கான அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பெரிய ஒப்பந்தகாரர் தம் கோவையிற் போட்டுக்கொள்வார். "காப்புறுதி உண்டு" என்று கேட்போருக்குக் காட்டலாம். வாரந்தோறும் அக்கம்பனியின் பெயருக்குக் காசோலை எழுதப்படும். தரகர் அதைக் காசோலை மாற்றும் கடையில் தரகு கொடுத்துக் காசாக்கி, கூலியைக் கையிற் கொடுப்பார். கூலி பெற்றவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பெரியவருடைய ஏட்டில் "உப ஒப்பந்தச் செலவு" என்று ஒரே வரி மட்டும் இருக்கும். வரி அதிகாரிகள் தேடிவரும்போது அந்தக் கம்பனி மறைந்திருக்கும். வேறொரு பெயரில் வேறொன்று முளைத்திருக்கும்.

இது நம் கற்பனையன்று. 2023 ஓகஸ்டில் அமெரிக்கத் திறைசேரியின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவு, கட்டடத் தொழிலில் இவ்வாறு வெற்றுக் கம்பனிகளைக் கொண்டு வரியையும் காப்புறுதித் தொகையையும் ஏய்ப்பது குறித்து வங்கிகளுக்கு எச்சரிக்கை அறிவித்தல் விடுத்தது. புதிதாகத் திறந்த சிறு கணக்கு, வாரந்தோறும் பெருந்தொகைக் காசோலை, உடனே காசாக வெளியேறும் பணம். இவற்றைக் கண்டால் அறிவியுங்கள் என்றது.

ஒரு பொய்யே பல வேடம் போடுவதும் உண்டு. ஊழியர் என்று ஒப்புக்கொண்டு, தச்சரைச் சாதாரணக் கூலியாள் என்று பட்டியலில் எழுதுவர். தச்சருக்கு விதித்த கூலி உயர்ந்தது, கூலியாளுக்கு விதித்தது தாழ்ந்தது. எட்டு மணி வேலை வாங்கி ஐந்து மணி என்று எழுதுவர். வேடம் எதுவாயினும் இலாபம் ஒருவருக்கே.

இத்தனைக்கும் வேர் எங்கே இருக்கிறது? நாம் மூன்று கேள்விப்பத்திரங்களை விரித்து வைத்தோமே, அந்த மேசையில் இருக்கிறது. சீமெந்தின் விலை மூவருக்கும் ஒன்று. கம்பியின் விலையும் ஒன்று. பெரும் வேறுபாடு வரக்கூடிய இடம் கூலிச் செலவே. வரியும் காப்புறுதியும் முறையாகக் கட்டுபவர் தம் செலவை மறைக்க இயலாது. கட்டாதவர் குறைத்து எழுதலாம். குறைத்து எழுதியவருக்கே வேலை என்றால், நேர்மையானவர் ஒன்று பொய்யைக் கற்கவேண்டும், அல்லது தொழிலை விடவேண்டும். பொதுப் பணமே பொய்யனுக்குப் பரிசாகிறது. அரசாங்கம் ஒரு கையால் மலிவாகக் கட்டடம் பெற்று, மறு கையால் வரியை இழக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

2009 இல் பொருளாதார வீழ்ச்சியைத் தாங்க அமெரிக்க அரசாங்கம் 78,700 கோடி டொலர் அளவில் மீட்புத் திட்டம் வகுத்தது. அதிற் கட்டட வேலைகளுக்குப் போன பணத்தோடு டேவிஸ்-பேக்கன் விதியும் போயிற்று. 2014 இல் மக்கிளாச்சி என்னும் பத்திரிகைக் குழுமத்தார் பல மாநிலங்களில் அரசாங்க உதவி பெற்ற வீடமைப்புத் திட்டங்களின் கூலிப் பட்டியல்களை வாங்கிப் பார்த்தனர். கல் கட்டியவரும் சுவர் பூசியவரும் தனி ஒப்பந்தகாரர் என்று அப்பட்டியல்களிலேயே பகிரங்கமாக எழுதியிருந்ததாக அவர்கள் வெளியிட்டனர். டெக்ஸாஸ், வடக்கு கரோலினா போன்ற மாநிலங்களில் இது பரவலாய் இருந்தது. ஒளித்து வைத்ததன்று, அதிகாரிகளின் கோவைக்குள்ளேயே கிடந்தது. பார்க்கும் கண் இல்லாமையே குறை.

ஏன் பார்க்கவில்லை? 1978 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 530 ஆம் பிரிவு முதலாளிமாருக்குப் பெரிய அடைக்கலம் தந்தது. தக்க காரணத்தோடு நெடுநாளாக ஒரே விதமாக நடத்திவந்தேன் என்று காட்டினால் பழைய வரிக்குப் பொறுப்பில்லை. அத்தொழிலில் கணிசமானோரின் வழக்கம் அதுவென்பதும் தக்க காரணமாகலாம். அதாவது, ஊரிற் பலர் செய்தால் அதுவே நியாயமாகிறது. யார் ஊழியர் என்பது பற்றி வரித் திணைக்களம் புதிய பொது விளக்கம் வெளியிடுவதையும் அப்பிரிவு தடுத்தது. அத்திணைக்களம் 1984 ஆம் ஆண்டுக்குச் செய்த மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு 15 முதலாளிமார் 34 இலட்சம் தொழிலாளருக்குப் பிழையான பெயரிட்டிருந்தனர்; அரசுக்கு நட்டம் 160 கோடி டொலர். அதன்பின் 25 ஆண்டு கழிந்து, 2009 இல் அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் அறிக்கை எழுதியபோதும், காட்டுவதற்கு அதைவிடப் புதிய முழுமையான மதிப்பீடு இருக்கவில்லை.

தொழிலாளி ஏன் முறையிடவில்லை என்று கேட்பீர்கள். அவருட் பலர் குடியேறி வந்தவர். சிலரிடம் தங்கும் பத்திரம் இல்லை. வாய் திறந்தால் வேலை மட்டுமா போகும்? வேறு சிலர் கையில் வரும் முழுக் காசைக் கண்டு மகிழ்வதும் உண்மை. "பிடிப்பு இல்லாமல் வருகிறதே, நல்லதுதானே" என்பார்கள். அவர்களைக் குறைகூற நமக்கு வாய் இல்லை. இன்றைய அரிசி நாளைய ஓய்வூதியத்தைவிடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த நாட்டில் முதுமை ஓய்வூதியம் பெற 40 காற்பங்கு, அதாவது ஏறத்தாழ 10 ஆண்டு, கணக்கில் உழைத்திருக்கவேண்டும். முப்பது ஆண்டு கல் சுமந்தவர் அறுபது வயதுக்கு மேல் காரியாலயத்துப் படியேறும்போது, "உமது பெயரில் ஒன்றுமில்லை" என்பார்களாயின் அவர் யாரிடம் போவார்? அவர் கட்டிய பள்ளிக்கூடம் நிற்கிறது. அதில் அவர் பெயரும் இல்லை, ஏட்டிலும் இல்லை.

உண்மையிலேயே தன்வசம் ஆட்களும் யந்திரமும் வைத்துப் பல இடங்களில் வேலை எடுக்கும் சிறு ஒப்பந்தகாரர் எங்கும் உண்டு. அவர்களை ஊழியர் என்று கட்டிப்போடச் சொல்லவில்லை. அவர்களுக்கும் இப்பொய்யினால் நட்டமே. உண்மையான வியாபாரி இரவல் வியாபாரியோடு விலைக்குப் போட்டியிட வேண்டியதாகிறது.

பரிகாரமும் அங்கே முளைத்திருக்கிறது. 1863 இல், உள்நாட்டுப் போரில் படைக்குக் கெட்ட பொருளை விற்ற வியாபாரிகளைத் தண்டிக்க லிங்கன் காலத்திற் பிறந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. அரசாங்கத்தை ஏமாற்றிப் பணம் பெற்றதை அறிந்த எந்தக் குடிமகனும் அரசின் பெயரால் வழக்குப் போடலாம். வென்றால் 15 முதல் 30 பங்கு வரை அவருக்குக் கிடைக்கும். 1986 திருத்தத்தின்படி நட்டத்தைப்போல் மும்மடங்கு வாங்கலாம். வருமான வரிப் பொய்க்கு இச்சட்டம் செல்லாது. பொய்யான கூலிப் பட்டியலைக் கொடுத்து அரசிடம் பணம் பெற்றால் செல்லும். வாரந்தோறும் இட்ட கையொப்பம் வாரந்தோறும் ஒரு சாட்சியாகிறது. டேவிஸ்-பேக்கன் விதியை மீறியவருக்கு மூன்று ஆண்டு வரை அரசாங்க வேலை கிடையாது. மாசச்சூசெற்ஸ் 2004 இலும், நியூயோர்க் கட்டடத் தொழிலுக்கென்று 2010 இலும் சட்டத்தை இறுக்கின. அங்கே உழைப்பவர் ஊழியர் என்றே முதலில் கொள்ளப்படுவார். அல்லர் என்று காட்டும் சுமை முதலாளிக்கு. அவர் கட்டுப்பாட்டில் இல்லை, அவர் செய்வது முதலாளியின் வழக்கமான தொழிலன்று, அவருக்கெனத் தனித் தொழில் உண்டு என மூன்றையும் காட்டவேண்டும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். நம் நாட்டில் 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இருக்கிறது. தொழிலாளி 8 பங்கும் முதலாளி 12 பங்கும் போடவேண்டும். 1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 பங்கு போடவேண்டும். தற்காலிகமாக வந்தவர், துண்டுக்கு வேலை செய்பவர் எவரும் சேமலாப நிதிக்குப் புறம்பானவரல்லர். வேலையில் அடிபட்டவருக்கு நட்டஈடு வழங்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அன்று கூரையிலிருந்து விழுந்தவருக்கு நாம் கொண்டுபோய்க் கொடுத்தது தருமமன்று. அவருக்கு உரிமையாயிருந்ததன் ஒரு துணுக்கு. மிச்சத்தை நாம் கேட்டுக் கொடுக்கவில்லை. கேட்கவேண்டும் என்பதும் நமக்குத் தெரியவில்லை. குறைந்த கேள்விப்பத்திரத்தில் நாம் மிச்சம் பிடித்த பணம் அவர் காலிலிருந்து எடுத்த பணம் என்று இன்று அறிகிறோம்.

ஆகவே சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். வாசிகசாலைக்கு மேல்மாடி கட்டும் எண்ணம் நமக்கு இருக்கிறது. அதற்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, தொழிலாளர் எத்தனை பேர், அவருக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா, விபத்துக்குப் பொறுப்பு யார் என்று எழுத்தில் கேட்போம். மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்த தொகை வந்தால் மகிழாமல், எங்கே குறைத்தீர் என்று கேட்போம். வேலை நடக்கும் நாட்களில் நம் வாலிபர் ஒருவர் நாட்குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்து, தினமும் வந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிவைக்கட்டும். எழுதிய பெயரை அழிப்பது கடினம். எழுதாத பெயரை மறுப்பது எளிது. அன்று நாம் கண்டது அதுவே.

வெளிநாட்டுக் கட்டட வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கையொப்பமிடும் கடதாசியில் உங்களை என்ன பெயரால் அழைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பளத் தொகையை மட்டும் பார்த்து மகிழாதீர்கள்.

கூரையிலிருந்து விழுந்த அன்பர் இன்று இச்சபைக்கு வந்திருக்கிறார்; பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். கோலூன்றி வந்தார். அவரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றே இதனைச் சொன்னோம். நாம் பேச இருப்பதைக் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "மேல்மாடி வேலைக்கு என் மகன் வருவான், அவன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்." நாட்குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் அப்பெயரை எழுதுவதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.